குப்பனூர் அடிவாரத்தில் காடு காயவே இல்லை, தக்காளி நாற்றை என்ன செய்வது?

கேள்வி (குப்பனூர்):
வணக்கங்க. குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுகிற ரோட்டை ஒட்டி, மலையடிவாரத்தில் 10 சென்ட் காய்கறிக் காடு எங்களுடையது. ஐப்பசி மழை விட்டு நாலு நாள் நல்ல வெயில் அடித்தும் நிலம் காயவில்லை, கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிறது, எடுத்த தடத்தில் உடனே தண்ணீர் ஊறி நிற்கிறது. கீழ்வரப்பை வெட்டிவிட்டதில் மேலே நின்ற தண்ணீர் போனதே தவிர ஈரம் இறங்கவில்லை. தக்காளி நாற்றுக்கு இன்றோடு 26 நாள், குழித்தட்டின் அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கிறது. நாற்று முற்றிவிடும், நட்டுவிடு என்கிறார் அம்மா. போன வருஷம் இப்படி ஈரத்தில் நட்டு, ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் தண்டின் அடி கறுத்துச் சாய்ந்துவிட்டது. அதைத் திரும்பப் பார்க்க மனசு தாங்காது.

பதில் (ஓமலூர்):
நடாதீர்கள் தம்பி. ஈர மண்ணை மிதித்தால் காற்றுப்போகும் துளையெல்லாம் அடைத்து, காய்ந்தபின் செங்கல்லாக இறுகும், அந்தப் பட்டம் முழுக்க வேர் திணறும். அரையடி ஆழத்து மண்ணைக் கையில் பிடித்து உருட்டிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் இறங்கலாம், மாவு மாதிரி குழிந்தால் காத்திருக்க வேண்டியதுதான். நாற்றுக்கு ஒரு வாரம் ஒன்றும் ஆகாது. நிழலில் இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், அப்புறமும் நாள் ஆகும் போலிருந்தால் பேப்பர் கப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

பதில் (ஏற்காடு):
உங்கள் காட்டில் நிற்பது பெய்த மழைத் தண்ணீர் இல்லை, ஒரம்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மலையில் இறங்கிய மழை மண்ணுக்கு அடியில் பாறைமேலே நகர்ந்து அடிவாரத்தில் கசிகிறது. அப்படியானால் கீழ்வரப்பை எத்தனை முறை வெட்டினாலும் மேலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். சாயங்காலம் மலைப்பக்க ஓரத்தில் ஒன்றரையடிக் குழி எடுத்து, ஊறியதை இறைத்துவிட்டு வாருங்கள். ராத்திரி மழை இல்லாமலே காலையில் குழி நிறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இங்கே காப்பித் தோட்டத்தில் சரிவுக்குக் குறுக்கே குழி வெட்டித் தண்ணீரை மடக்குவோம். நீங்களும் மேல் ஓரத்தில் இரண்டடி ஆழத்தில் குறுக்கு வாய்க்கால் எடுத்து, லேசான வாட்டத்தோடு ஓடைக்குத் திருப்புங்கள். பக்கத்துக் காட்டுக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், அது பெரிய வம்பு.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, அப்படியே ஆச்சுங்க. மலைப்பக்கக் குழி விடியும்போது முக்கால்வாசி நிறைந்திருந்தது, கீழ்க்கோடியில் எடுத்த குழியில் நாலு விரல்தான். வெட்டிய இடத்தில் மண் சாம்பல் நிறமாக, சாக்கடை வாடையோடு இருக்கிறது. இது சரியாகுமா?

பதில் (வாழப்பாடி):
காற்று போகாததால் வரும் வாடை அது. தண்ணீர் வடிந்து காற்று புகுந்தால் தானாகப் போய்விடும். வாய்க்கால் எடுத்து மண் உதிரும் பதம் வந்ததும் மூன்றடி அகலம், ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள், நடவு அதன்மேல்தான். டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சையை மக்கிய தொழு உரத்தில் கலந்து பாத்தியில் தூவுங்கள், ஈரத்தில் வருகிற அழுகலுக்கு அதுதான் முன்காப்பு. நட்டபிறகும் தண்டு கறுத்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்கிற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் கலந்து வேரில் ஊற்றலாம், ஆனால் டிரைக்கோடெர்மாவோடு சேர்த்து ஊற்றக் கூடாது, மருந்து அதையும் கொன்றுவிடும். நாற்று உயர்ந்துவிட்டது என்று தண்டை ஆழப் புதைக்கவும் வேண்டாம், காய்ந்த நிலத்தில் அது நல்லது, இங்கே அழுகும். கீழ்க்கோடி வருஷா வருஷம் இப்படித்தான் என்றால் அங்கே தக்காளியை விட்டுவிட்டு, சுண்டை வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி வையுங்கள், ஈரத்தைத் தக்காளியைவிட நன்றாகவே தாங்கும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அம்மாவைக் கூட்டிப்போய்க் குழியைக் காட்டினேன், பார்த்ததும் சரி என்றுவிட்டார். நாளைக்கு இரண்டு ஆள் வருகிறார்கள், மேல் ஓரத்தில் கயிறு பிடித்துவிட்டேன்.