Re: 'இதயச் செயலிழப்பு' – வேறு சொல் வேண்டுமா?

> நாளேடுகளில் நிலைத்துவிட்ட சொல்லை மாற்றுவானேன்?

அன்புடையீர், வணக்கம்.

ஆங்கிலத்தின் heart failure-க்கு 'இதயச் செயலிழப்பு' நிலைத்துவிட்டது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டதும் நோயாளியின் வீட்டார், "இதயம் நின்றுவிட்டதா?" என்று பதறுகிறார்கள். நிற்கவில்லை, உடம்புக்கு வேண்டிய இரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது. இதய இரத்தக்குழாய் அடைபட்டால் மாரடைப்பு, துடிப்பே நின்றால் இதயத் துடிப்பு நிறுத்தம். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ள நம் சொல்லும் ஒரு காரணம்.

2021இல் வந்த உலகளாவிய வரையறை நோயை நான்கு நிலைகளாகப் பிரித்தது. அறிகுறி எதுவும் இல்லாமல், இதயத்தில் மட்டும் மாற்றம் தெரியும் இரண்டாம் நிலைக்கு ஆங்கிலத்தில் 'முன்' என்று பொருள்படும் 'pre' அடையைக் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் 'முன் செயலிழப்பு' என்று எழுதிப் பாருங்கள்: முன்பே செயலிழந்துவிட்டது என்றல்லவா படிப்பார்கள்! நோய் முற்றாமல் தடுக்க வேண்டிய கட்டமே அதுதான்.

சென்ற மடலில் மாற்றுச் சொல்லாக வந்த 'இதயத் தளர்ச்சி' காதுக்கு இனிமை. (சுவர் விளம்பரங்களின் நரம்புத் தளர்ச்சி நினைவுக்கு வருவதை விட்டுவிடுவோம்.) பொருள்தான் இடிக்கிறது. இந்நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயம் நன்றாகவே சுருங்குகிறது. தசை விறைத்துப்போய், விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாததே பெரும்பாலும் கோளாறு. விறைப்புக்குத் தளர்ச்சி என்று பெயர் வைப்பதா? இவ்வகையினருக்கு நெடுநாள் உருப்படியான மருந்து கிடையாது. நீரிழிவுக்கென வந்த எம்பாகிளிஃப்ளோசின் இவர்களுக்கும் பயன்தரும் என்று 2021இல்தான் பெரிய ஆய்வொன்று காட்டியது. இனி இவர்களைப் பற்றி நிறைய எழுதவேண்டிவரும்; பிழையான சொல்லோடு தொடங்க வேண்டாம்.

என் பரிந்துரை 'இதயத் திறன்குறைவு'. சுருங்கும் திறன், விரியும் திறன் இரண்டும் அதில் அடங்கும். இரண்டாம் நிலை 'திறன்குறைவுக்கு முந்தைய நிலை' ஆகும். நீளம்தான், பொருள் பிறழாது. ஒவ்வொரு துடிப்பிலும் இடக் கீழறை வெளித்தள்ளும் இரத்தத்தின் விழுக்காட்டை 'உந்து விகிதம்' எனலாம். அது 40 அல்லது அதற்குக் கீழிருந்தால் 'உந்து விகிதம் குறைந்த', 50 அல்லது அதற்கு மேலிருந்தால் 'உந்து விகிதம் குறையாத' திறன்குறைவு. ஆங்கிலத்தின் 'preserved' என்பதை அப்படியே பெயர்த்து 'பாதுகாக்கப்பட்ட உந்து விகிதம்' என்பது மட்டும் வேண்டாம், ஊறுகாய்தான் நினைவுக்கு வருகிறது.

---

> என் பரிந்துரை 'இதயத் திறன்குறைவு'

ஐயா, விறைப்பை நான் எண்ணிப் பார்க்கவில்லை. தளர்ச்சியைத் திரும்பப் பெறுகிறேன். ஓர் ஐயம் மட்டும்: சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் இதே 'செயலிழப்பு'தான் வழக்கில் இருக்கிறது. அவற்றையும் மாற்றுவோமா, இதயத்தோடு நிறுத்திக்கொள்வோமா?