"சிங்க்" என்கிறதுக்கு என்ன சொல் போடலாம்? ஹெட்போன் கையேடு, வியாழனுக்குள்ள வேணும்

பள்ளத்தூர் டீச்சர், திங்கள் காலை

குழுவுல எல்லாருக்கும் வணக்கம். வர்ற சனிக்கிழமை காரைக்குடியில பிள்ளைகளுக்கு லினக்ஸ் வகுப்பு இருக்கு, அதுக்கான கையேடு வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போயாகணும். மத்த அத்தியாயம் எல்லாம் முடிஞ்சு ஒண்ணே ஒண்ணு நிக்குது, ஹெட்போன்ல சத்தம் வரலைன்னா எங்கெங்க பாக்கணும்கிற அத்தியாயம். லேப்டாப் ஸ்பீக்கர்ல நல்லாக் கேக்குது, ஹெட்போனைச் சொருகினா ஸ்பீக்கர் அடங்கிருது, ஆனா காதுல ஒண்ணும் வரமாட்டேங்குது. எந்த வகுப்புக்குப் போனாலும் முதல்ல வர்ற புகார் இதுதான்.

நான் எழுதி வச்சிருக்கிற வரிசை இது. டெர்மினல்ல (கட்டளை அடிக்கிற ஜன்னல்) அல்சாமிக்சர்ங்கிற ஒலிக் கட்டுப்பாட்டைத் திறந்து எஃப்6 அழுத்தி நெசமான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுக்கணும், இல்லாட்டி மாஸ்டர்னு ஒரே ஒரு பட்டைதான் தெரியும். அங்க ஹெட்போன் பட்டைக்குக் கீழ எம்எம்னு இருந்தா அது மூடியிருக்குன்னு அர்த்தம், அம்புக்குறியால அங்க போய் எம் விசையைத் தட்டினா திறந்துக்கும், பிறகு அளவை ஏத்தணும். அதுக்கும் வரலைன்னா பாவுகண்ட்ரோல்ங்கிற ஒலி அமைப்பு ஜன்னல்ல வெளியீட்டுச் சாதனத்துல போர்ட் ஹெட்போன்னு இருக்கான்னு பாக்கணும். அதுவும் சரின்னா, சத்தம் பெரும்பாலும் எச்டிஎம்ஐ வழியா டிவிக்குப் போற பாதையில போய்க்கிட்டிருக்கும். டெர்மினல்ல டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்னு கட்டளை அடிச்சா சிங்க்ஸ்னு ஒரு பட்டியல் வரும், நட்சத்திரம் எதுக்கு முன்னாடி இருக்கோ அங்கதான் சத்தம் போகுது, அதை செட் டிஃபால்ட் கொடுத்து மாத்தணும்.

இங்கதான் நிக்கிறேன். சிங்க்னா பிள்ளைகளுக்குப் பாத்திரம் கழுவுற தொட்டி. வடிகால்னு போடலாம்னா நம்ம ஊர்ல வடிகால்னா சாக்கடை. நல்ல சொல் ஒண்ணு சொல்லுங்க.

தேவகோட்டை ஐயா, திங்கள் மதியம்

டீச்சருக்கு வணக்கம். வடிகாலை விட்டது நல்லது. பாத்திரத் தொட்டியையும் மறந்துவிடுங்கள், ஆங்கிலத்தில் அவன் எந்த உவமையில் பெயர் வைத்தான் என்பது நமக்கு எதற்கு, சத்தத்தை உள்வாங்குகிற ஒன்று, அவ்வளவுதானே. தமிழில் சத்தத்தை உள்வாங்குவதற்கு ஏற்கனவே வினை இருக்கிறது, செவிமடுத்தல். மடுத்தல் என்றால் உட்கொள்ளுதல், வாய்மடுத்தல் என்றால் உண்ணுதல். மடு என்றால் ஆழமான நீர்நிலை, காளிங்கன் கிடந்த மடு. மடை என்பதும் இந்த வேரில்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. ஆகவே ஒலிமடு. வினையும் பெயரும் ஒரே சொல்லில் நிற்கின்றன, நீரும் ஒலியும் சேர்ந்து நிற்கின்றன. சிலம்பின் கானல்வரியில் "உழவர் ஓதை மதகோதை உடைநீர் ஓதை" என்று இளங்கோ நீரின் வழிகளையே ஓசையாகக் கேட்டிருக்கிறார். ஒலிக்கு நீர்வழிப் பெயர் வைப்பது நமக்குப் புதிதில்லை.

கோட்டையூர், திங்கள் இரவு

ஐயா, சொல் அழகா இருக்கு, ஆனா எங்க தெருவுல மடுன்னா மாட்டு மடு. எட்டாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட "உன் லேப்டாப்புல எத்தனை ஒலிமடு இருக்குன்னு எண்ணு"ன்னு சொன்னா அன்னிக்கு வகுப்பு அவ்வளவுதான். அதோட குறள்லயே "மடுத்தவா யெல்லாம் பகடன்னான்"னு வருது, அங்க மடுத்தன்னா தடைப்பட்டன்னுதான பொருள், உள்வாங்குறதுக்கு நேர் எதிர். சத்தம் வராத கதையை எழுதுற இடத்துல தடைன்னு பொருள் வர்ற சொல்லு வேணுமா?

நான் சர்வீஸ் பண்றவன், சிங்க் உள்ள என்ன பண்ணுதுன்னு சொல்லிடுறேன், அப்புறம் சொல்லைத் தேடலாம். பிரவுசர்ல ஒரு பாட்டு, பின்னாடி ஒரு வீடியோ, நடுவுல மெயில் வந்த டிங், இதெல்லாம் தனித்தனி ஸ்ட்ரீம். இத்தனையும் வந்து ஒண்ணாக் கலக்குற இடம் சிங்க். அங்கருந்து கலந்த சத்தம் கார்டுக்குப் போயி அப்புறம்தான் ஹெட்போனுக்கு. மைக் பக்கம் இருக்கிறது சோர்ஸ். லினக்ஸ்ல சத்தத்தைப் பாத்துக்கிற பல்ஸ் ஆடியோ 2004ல தொடங்கினப்பருந்தே இந்தப் பேச்சுதான், இப்ப உபுண்டு லினக்ஸ்ல 22.10லருந்து பைப்வயர் அந்த இடத்துக்கு வந்தும் அதே பேர்தான். என்னைக் கேட்டா சிங்க்னே எழுதுங்க, திரையில தெரியுறதும் கையேட்டுல இருக்கிறதும் ஒண்ணா இருந்தாத்தான் பிள்ளை தேடிப் பிடிக்கும்.

கானாடுகாத்தான், இப்ப பெங்களூர், செவ்வாய் காலை

கோட்டையூர் அண்ணன் சொன்னதைப் படிச்சதும் எனக்கு ஒரே சொல்லுதான் தோணுச்சு, ஊருணி. பல வரத்துக்கால் வந்து ஒரே ஊருணியில விழுது, விழுந்தப்புறம் எது எந்தக் கால்ல வந்த தண்ணின்னு பிரிக்க முடியாது. ஸ்ட்ரீம்னா வரத்துக்கால், சிங்க்னா ஊருணி. இன்னொண்ணும் இருக்கு, ஒவ்வொரு சிங்க்குக்கும் மானிட்டர்னு ஒண்ணு (திரை இல்ல) கூடவே வரும், லேப்டாப்புல ஓடுற சத்தத்தைப் பதிவு பண்ணணும்னா அதுலருந்துதான் எடுக்கணும். போய் விழுந்த இடத்துலருந்தே திரும்ப மொண்டுக்கிறது, வடிகால்ல அது முடியாது, ஊருணியில முடியும். நம்ம பிள்ளைகளுக்கு ஊருணியை விளக்கவே வேண்டாம், ஊருக்கு ஊர் படி கட்டின ஊருணி இருக்கு.

தேவகோட்டை ஐயா, செவ்வாய் மதியம்

ஊருணியை ஒலிக்குக் கொண்டு வருவதில் இலக்கணச் சிக்கல் உண்டு தம்பி. ஊருணி என்பது ஊரால் உண்ணப்படுவது, அங்கே இகர விகுதி செயப்படுபொருளில் வந்திருக்கிறது. "ஊருணி நீர்நிறைந் தற்றே" என்று வள்ளுவர் சொன்னதும் ஊரார் உண்ணும் நீர் என்பதால்தான். சிங்க்கோ உண்பது, உண்ணப்படுவது அல்ல. ஒலிபெருக்கி, ஒலிவாங்கி இவற்றில் எல்லாம் இகரம் வினைமுதலைக் குறிக்கிறது. அந்த வாய்பாட்டில்தான் வேண்டும் என்றால் ஒலியேற்பி என்று சொல்லுங்கள், அது குற்றமில்லை, ஆனால் உயிரும் இல்லை.

கோட்டையூர் எழுப்பிய குறளுக்கு வருகிறேன். அங்கே மடுத்தல் தடைப்படுதல் என்பது உண்மை. ஒரு வினைக்கு இரு பொருள் இருப்பதால் சொல்லைத் தள்ளினால் தமிழில் எந்தச் சொல்லும் மிஞ்சாது. மாட்டு மடுவும் பாலைத் தாங்கி நிற்பதால் பெற்ற பெயராகத்தான் இருக்க வேண்டும், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இன்னொன்று. கையேடு முழுக்க ஹெட்போன் என்றே இருக்கிறது. செவிப்பொறி என்று மாற்றுங்கள். ஐம்பொறியில் ஒன்றான செவியோடு மயங்கும் என்பார்கள், சூழலில் தெளியும். கடன்சொல்தான் வேண்டும் என்றால் தொல்காப்பியர் வடசொல்லுக்கே "வடவெழுத்து ஒரீஇ", அதாவது வடவெழுத்தை நீக்கி, என்று வரம்பு கட்டியிருக்கிறார், அந்த வரம்பில் எட்போன் என்றாவது எழுதுங்கள். ஹகரம் நம் எழுத்தில்லை.

புதுவயல், செவ்வாய் இரவு

கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறேன், இங்க முதல் தடவை எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஐயா சொல்ற செவிப்பொறி காது மெஷின் மாதிரி கேக்குது, எங்க அப்பத்தா போட்டிருக்கிறதுக்குத்தான் அந்தப் பேர் பொருந்தும். ஹெட்போனை ஹெட்போன்னே விட்டுடலாம், நன்னூல்ல "பழையன கழிதலும் புதியன புகுதலும்" இருக்கே.

சிங்க்குக்கு சேரிடம்னு வைக்கலாமா? ஆத்திசூடியில ஒண்ணாவதுலயே படிச்சது, "சேரிடம் அறிந்து சேர்". டீச்சரோட அத்தியாயமே அதுதான, சத்தம் சேர வேண்டிய இடத்துல சேராம எச்டிஎம்ஐல போய்ச் சேருது. ஒலிச்சேரிடம்னு முதல் தடவை எழுதிட்டு அப்புறம் வெறும் சேரிடம்னு போகலாம். டிஃபால்ட் சிங்க்னா இயல்புச் சேரிடம். சோர்ஸ்க்கு மட்டும் மூலம் வேண்டாம், மூலநிரலோட (சோர்ஸ் கோடு) குழம்பும், புறப்பாடுன்னு வைக்கலாம்.

கானாடுகாத்தான், செவ்வாய் நள்ளிரவு

சேரிடம் கேக்க நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா இடம்னா சத்தம் அங்க போயி நின்னுரும்னு ஆயிருது. கம்பைன்டு சிங்க்னு ஒண்ணு இருக்கு, ஒரு சிங்க்ல விட்டா அது ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் சேத்து அனுப்பும். அது சேரிடமா, வழியிடமா? நல் சிங்க்னு இன்னொண்ணு (ஆங்கில நல், வெறுமைன்னு அர்த்தம்), அதுல விட்ட சத்தம் எங்கயுமே வெளிய கேக்காது, எங்கயும் சேராததுக்கு சேரிடம்னு பேரா? புறப்பாடும் வேண்டாம், கோயில்ல சாமி புறப்பாடுதான் ஞாபகம் வரும்.

பள்ளத்தூர் டீச்சர், புதன் காலை

கம்பைன்டு சிங்க், நல் சிங்க் ரெண்டும் இந்தக் கையேட்டுல இல்ல, அதை இப்ப விட்டுருவோம். ஹெட்போன் ஹெட்போனாவே இருக்கட்டும் ஐயா, மன்னிக்கணும், பிள்ளைகள் பதட்டத்துல தேடுற சொல்லு அது. மியூட்டுக்கு ஒலியடக்கம்னு போட்டிருக்கேன், ஊமைன்னு எழுத எனக்கு மனசு வரல, வாய் பேசாத பிள்ளை ஒண்ணு என் வகுப்புல இருக்கு.

இதுக்கு நடுவுல ஒரு நெசமான சிக்கல், கோட்டையூர் அண்ணன் பதில் சொல்லணும். ஒரு பையன் லேப்டாப்புல எல்லாம் சரியா இருக்கு, சேரிடம் சரி, எம்எம் இல்ல, சத்தமும் வருது, ஆனா பாடுறவங்க குரல் மட்டும் கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி இருக்கு, தாளமெல்லாம் நல்லாக் கேக்குது.

கோட்டையூர், புதன் மதியம்

அது லினக்ஸ் கோளாறே இல்ல ஆச்சி. பையன் போட்டிருக்கிறது பழைய போன் கூட வந்த மைக் வச்ச ஹெட்செட்டா இருக்கும். அந்த 3.5 மிமீ முள்ளுல நாலு பிரிவு இருக்கும், கடைசி ரெண்டுல மைக் எது, கிரவுண்டு (ரெண்டு காதுக்கும் பொதுவான கம்பி) எதுங்கிறது ரெண்டு விதமா வந்திருக்கு, ஓஎம்டிபின்னு ஒண்ணு, சிடிஐஏன்னு ஒண்ணு, ரெண்டும் தலைகீழ். மாறிப் போச்சுன்னா ரெண்டு காதுக்கும் கிரவுண்டு சரியாக் கிடைக்காம இடதும் வலதும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும், ரெண்டுலயும் சமமா இருக்கிற குரல் போயிரும், ஓரத்துல இருக்கிற வாத்தியம் மிஞ்சும். மைக் பட்டனை அழுத்திப் பிடிச்சுக் கேக்கச் சொல்லுங்க, பிடிச்சிருக்கிற வரைக்கும் குரல் வந்தா இதேதான். இல்லைன்னா முள்ளு முழுசா இறங்கலையான்னு பாருங்க, அரைகுறையாச் சொருகினாலும் இதே மாதிரிதான் கேக்கும். மாத்துற அடாப்டர் ஒண்ணு போட்டாச் சரியாயிரும், கட்டளை எதுவும் அடிக்க வேண்டாம்.

அத்தியாயத்துல இன்னும் ரெண்டு வரி சேருங்க. ஆட்டோ மியூட் மோட் டிசேபிள்னு இருந்தா ஹெட்போன் சொருகியும் ஸ்பீக்கர் அடங்காது, அதையும் அல்சாமிக்சர்லயே மாத்தலாம். புளூடூத் ஹெட்செட்டுன்னா மைக் வேலை செய்ய ஆரம்பிச்சதும் பாட்டுக் கேக்குற ஏ2டிபி முறையிலருந்து போன் பேசுற எச்எஃப்பிக்கு மாறி சத்தம் பழைய போன் மாதிரி ஆயிரும், அதையும் பிள்ளைங்க சத்தம் போச்சுன்னுதான் சொல்லும்.

சொல்லுக்கு என் ஓட்டு இப்பவும் சிங்க்தான். ரெண்டாவது ஓட்டு உண்டுன்னா சேரிடம்.

பள்ளத்தூர் டீச்சர், புதன் இரவு

அண்ணே, பட்டனை அழுத்தினதும் குரல் வந்திருச்சு. தனிப் பெட்டியாப் போட்டுட்டேன்.

சொல்லை இப்படி முடிச்சுக்கிறேன். குழுவுல எழுதினவங்கள்ல சேரிடத்துக்குத்தான் ஆள் கூட, அதுலயும் பாதிப் பேர் "நேரமாச்சு, அதையே போடுங்க"ன்னுதான் எழுதியிருக்கீங்க. முதல் தடவை வர்ற இடத்துல "சேரிடம், திரையில் சிங்க்ஸ் என்று இருக்கும்"னு எழுதி, அதுக்கப்புறம் சேரிடம் மட்டும். மானிட்டரை விளக்குற பத்தியில ஊருணியை உவமையா வச்சிருக்கேன், கானாடுகாத்தான் தம்பிக்கு நன்றி. சோர்ஸ்க்கு ஒண்ணும் முடிவாகல, அந்த அத்தியாயத்துல மைக்னே போட்டுட்டேன், பிள்ளைகளுக்கு அங்க வேற எதுவும் தேவைப்படாது.

தேவகோட்டை ஐயா, வியாழன் விடியற்காலை

டீச்சரின் அவசரம் புரிகிறது, கையேட்டுக்கு என் தடை இல்லை. ஆனால் சேரிடம் என்பது சேர்கின்ற இடம், வினைத்தொகை, அதில் ஒலி சேர்கிறது என்கிற பொருள் மட்டும்தான் கிடைக்கிறது, வாங்குகிற செயல் அந்த இடத்துக்கு இல்லை. சிங்க் சும்மா கிடக்கிற இடமில்லை என்று கோட்டையூரே சொல்லியிருக்கிறார், கலக்குகிறது, அனுப்புகிறது. நல் சிங்க் பற்றிக் கானாடுகாத்தான் கேட்டதற்கும் இதுவரை ஒருவரும் பதில் எழுதவில்லை. ஒலிமடு என்று வைத்தால் அது வெற்றுமடு, தடையில்லாமல் நிற்கும். சொற்பட்டியலில் சேரிடத்துக்குப் பக்கத்தில் ஒலிமடு என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மெய்ப்பு பார்க்க ஆள் வேண்டும் என்றால் கோப்பை எட்டு மணிக்குள் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.