புதரடி, புதரிடை: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

கடலோர உவர்ச்சதுப்பில் புதருக்குக் கீழே வளரும் சிறுசெடிகளுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை "கீழடுக்குத் தாவரம்", "செவிலி வளர்ப்புத் தாவரம்" என்ற இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் தயக்கம் உண்டு.

கீழடுக்கு காட்டுக்குரிய சொல். புதரே முழங்கால் உயரம்தான் என்றால் அங்கே அடுக்குக்கு ஏது இடம்?

செவிலி அழகான சொல். பெறாமல் வளர்ப்பவள் என்ற பொருள் உதவும் புதருக்கு அப்படியே பொருந்துகிறது. சதுப்பின் மேட்டுப் பகுதியில் அலை எப்போதாவதுதான் ஏறும். வெயிலில் ஈரம் ஆவியாக, உப்பு மட்டும் மேலே தங்கிப் பூத்துவிடும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரைவிடவும் மண்ணின் நீர் உவர்ப்பாகலாம். புதர் நிழல் விழுந்த இடத்தில் ஆவியாதல் குறைகிறது, உப்பும் குறைகிறது, விதை முளைக்கிறது. இதுவரை செவிலிதான்.

ஆனால் உவர்நிலத்தில் வளரும் டாமரிக்ஸ் என்ற புதரைப் பாருங்கள். வேர் உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. அந்த உப்பு சொட்டியும் சருகோடு விழுந்தும் புதருக்குக் கீழுள்ள மண்ணில் சேர்கிறது. இன்னொன்று, அலை நாள்தோறும் கழுவும் தாழ்வான இடத்தில் உப்பு அவ்வளவாகத் தேங்காது. அங்கே அதே நிழல் ஒளியைப் பறிக்கும் போட்டியாகிவிடலாம். நெருக்கடி கூடக் கூடத் தாவரங்களுக்கிடையே உதவி மேலோங்கும் என்ற கருதுகோளை பெர்ட்னெஸ், கேலவே என்ற சூழலியலாளர்கள் இருவரும் 1994-இல் முன்வைத்தார்கள். உதவியா, போட்டியா என்பது அளந்து பார்த்துச் சொல்ல வேண்டிய முடிவு. செவிலி என்று பெயர் வைத்தால் அளப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அதனால் இடத்தை மட்டும் சொல்லும் சொல் வேண்டும். மரத்தடி என்று அன்றாடம் சொல்கிறோமே, அதே வழியில் புதரடி. அங்கே வளர்பவை புதரடித் தாவரங்கள். புதரின் தூரை மட்டும் குறிக்காதா என்று கேட்கலாம். மரத்தடியில் உட்கார்ந்தான் என்றால் நிழல் விழும் பரப்பு முழுவதும்தானே மனத்தில் வருகிறது.

அப்புறம், ஆய்வில் புதருக்குக் கீழுள்ள மண்ணை, புதர்களுக்கு இடையிலுள்ள திறந்த மண்ணோடுதான் ஒப்பிடுவார்கள். அதற்கு புதரிடை என்றால் இணை கிடைத்துவிடுகிறது: "புதரடியில் உவர்ப்பு குறைவு, புதரிடையில் அதிகம்." எவ்வளவு சுருக்கம்!

செவிலியைக் கைவிடச் சொல்லவில்லை. உதவி உறுதியான இடத்தில் அது இருக்கட்டும். அந்த உதவி புதரிடமிருந்தே வர வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து சதுப்புகளில் ஐவா என்ற புதரைச் சுற்றியிருந்த, புல்போன்ற ஜன்கஸ் செடியை அகற்றியபோது மண்ணில் உப்பு ஏறிப் புதர்தான் துன்பப்பட்டது. அங்கே செவிலி ஜன்கஸ்.

உவர்ச்சதுப்புக்குக் களர்ச்சதுப்பு என்ற மாற்றுச்சொல்லும் வந்தது. களர் காரத்தன்மை மிகுந்த மண். இங்கே உவர் என்பதே சரி.

புதரடி, புதரிடை இரண்டையும் உங்கள் வாக்கியங்களில் வைத்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.