ஆப்போடு டேட்டாபேஸ் அனுப்பி, அப்டேட்டில் மாட்டிக்கொண்டவர்கள் வாருங்கள்

குறள்ஆப்_காரன்:
மூன்று வாரமாக உறுத்துகிறது. என்னுடையது ஆண்ட்ராய்டில் திருக்குறள் ஆப். எல்லோரும் செய்வதுதான்: ஆப்போடு போகும் அசெட்ஸ் ஃபோல்டரில் டேட்டாபேஸ் ஃபைல், முதல் தடவை திறக்கும்போது அது போனுக்குக் காப்பி, வெர்ஷன் எண் கூடினால் ஆன்அப்கிரேடில் (அப்போது தானாக ஓடும் கோடு) பழையதை அழித்துப் புதியதைப் போடுவது. புக்மார்க்குகளை, அதாவது குறித்த குறளின் டேபிள் வரி எண்ணை (ஐடி), ஷேர்ட் ப்ரிஃபரன்சஸ் என்ற வேறு ஃபைலில் தனியே வைத்திருந்தேன், அதனால் பத்திரம் என்று நினைப்பு. இரண்டாம் வெர்ஷனில் பட்டியல் காட்ட வசதியாக இருக்கட்டும் என்று 133 அதிகாரத் தலைப்புகளையும் அதே டேபிளில் இடையிடையே செருகிவிட்டேன். ஐடி எல்லாம் நகர்ந்துவிட்டது. க்ராஷ் இல்லை, எர்ரர் ரிப்போர்ட் இல்லை. நான்காம் நாள் ஒரு பெரியவரிடமிருந்து மெயில்: "தம்பி, என்னிடம் கடன் வாங்கிவிட்டு முகம் திருப்பிக்கொண்டவனுக்குப் படித்துக் காட்ட 'எந்நன்றி கொன்றார்க்கும்' குறித்து வைத்திருந்தேன். அவன் எதிரே திறந்தால் 'இனிய உளவாக இன்னாத கூறல்' என்று வருகிறது. என்னை அடக்கமாகப் பேசச் சொல்கிறதா உங்கள் ஆப்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'எந்நன்றி' 110-ஆவது குறள். அதிகாரத்துக்கு ஒரு தலைப்பு வரி சேர்ந்ததால் 110-ஆவது வரியில் இப்போது 100-ஆவது குறள். சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது.

பஸ்_டைம்டேபிள்:
உங்களுக்காவது மெயில் வந்தது. எனக்குக் கஸ்டமர் ஆபீஸிலேயே, நேருக்கு நேர். என் டெஸ்ட் போன் ஆண்ட்ராய்டு 8. அவர் கையில் இருந்தது 9. திறந்ததும் "நோ சச் டேபிள்". அவர் ஒன்றும் சொல்லவில்லை, போனை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளி வைத்தார். அந்தத் தள்ளல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. விஷயம் இதுதான்: ஃபோல்டர் உருவாகட்டும் என்று காலி டேட்டாபேஸை ஒருமுறை திறந்து, மூடாமலே அதன்மேல் காப்பி செய்யும் பழைய கோடு. 9-இல் ரைட்-அஹெட் லாகிங் (மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை, சுருக்கமாக WAL, 'வால்') தானாகவே ஆன். காலி டேட்டாபேஸின் வால் ஃபைல் பக்கத்திலேயே கிடக்க, போனில் டேட்டாபேஸை இயக்கும் எஸ்க்யூலைட் அதையும் சேர்த்துப் படித்துவிட்டது. பேருக்கேற்ற வால்! மூடிவிட்டு, வாலையும் அதன் துணையான எஸ்ஹெச்எம் ஃபைலையும் அழித்துவிட்டுத்தான் காப்பி செய்ய வேண்டும்.

பழைய_கை:
நானும் அடி வாங்கியவன்தான். ஆண்ட்ராய்டு 2.2 காலத்தில் 1 எம்பிக்கு மேல் போன அசெட்டை அது சுருக்கி வைத்துவிட்டுத் திறக்க மறுக்கும். அகராதி டேட்டாபேஸுக்கு எம்பி3 என்று பெயர் வைத்து அனுப்பினேன், பாட்டு ஃபைலைச் சுருக்காது என்பதால். ஒருவர் "பாட்டு ஓடவில்லை" என்று ஒரு ஸ்டார் போட்டார்.

அது கிடக்கட்டும். குறள் ஆப் நண்பரே, கோபிக்காதீர்கள், திருவள்ளுவர் பாட்டுக்கு 1 முதல் 1330 வரை எண் இருக்கும்போது டேபிள் ஐடியை யார் சேமிக்கச் சொன்னது? உள்ளடக்கம் ஒரு டேட்டாபேஸ், பயனரின் குறிப்பு வேறொரு டேட்டாபேஸ். இரண்டையும் ஒன்றாகத் திறந்து (அட்டாச்), குறள் எண்ணை வைத்து இணைத்துப் படியுங்கள் (ஜாயின்). புதிதாக எதை உருவாக்கினாலும் பழைய ஐடி மாறக் கூடாது. இன்டிஜர் பிரைமரி கீ (வரியின் நிலையான எண்) என்று வெளிப்படையாக எழுதாத டேபிளில், இடத்தைச் சுத்தப்படுத்தும் வேக்யூம் கட்டளையை ஓட்டினாலே ரோஐடி, அதாவது எஸ்க்யூலைட் தானாகக் கொடுக்கும் வரி எண், மாறலாம், தெரியுமா? காப்பி செய்யும்போது நேராக நிஜப் பெயரில் எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் முழுதும் எழுதி முடித்து ரீநேம் செய்யுங்கள், இல்லாவிட்டால் பாதியில் போன் அணைந்தால் நிஜப் பெயரில் அரை டேட்டாபேஸ் மிஞ்சும். அப்புறம் போனில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏபிகேக்குள் (ஆப்பின் இன்ஸ்டால் ஃபைல்) ஒன்று, வெளியே ஒன்று, இரண்டும் இடம் பிடிக்கும்.

ரூம்_ரசிகை:
சார், இவ்வளவும் எதற்கு? கூகுளின் ரூம் டேட்டாபேஸ் லைப்ரரியில் 2.2-இலிருந்து கிரியேட்ஃப்ரம்அசெட் என்ற ஒரே வரி போதும், அசெட்டை அதுவே காப்பி செய்யும். ஆனால் அதோடு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன் (மாற்றும் வழி எழுதாவிட்டால் பழையதை அழித்துவிடு) வரியையும் எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டியது என் தப்பு. வெர்ஷனைக் கூட்டினேன், பழைய டேட்டாவைப் புதியதற்கு மாற்றும் மைக்ரேஷன் கோடு எழுதவில்லை. அது பழையதை மொத்தமாகத் துடைத்துவிட்டு அசெட்டைத் திரும்பக் காப்பி செய்தது. டேட்டாபேஸ் பளிச்சென்று புதிது. பரீட்சைக்கு முந்தைய வாரம் ஒரு பெண் சேர்த்து வைத்திருந்த சொற்பட்டியல் அதே டேட்டாபேஸில்தான் இருந்தது.

பழைய_கை:
அதைத்தானே மேலே தனி டேட்டாபேஸ் என்று சொன்னேன்!

ரூம்_ரசிகை:
நீங்கள் சொன்னது இன்று காலை சார். நான் ரிலீஸ் செய்தது போன வருஷம்.

குறள்ஆப்_காரன்:
சண்டை வேண்டாம். குறள் எண்ணுக்கு மாற்றியாகிவிட்டது. ஏற்கெனவே சேமித்தவைதான் தலைவலி. அப்டேட்டுக்கு முன் குறித்ததா, பின் குறித்ததா என்று தேதி வைக்கவில்லை. 1330-ஐத் தாண்டியவை நிச்சயம் புதுசு. தலைப்பைக் குறிக்க முடியாது என்பதால், தலைப்பு வரியில் போய் விழுந்தவை நிச்சயம் பழசு. நடுவில் இருப்பவை? ஆப்பைத் திறந்ததும் "இது நீங்கள் குறித்த குறள்தானா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் பெட்டி வைத்திருக்கிறேன். அம்மா போனில் சோதித்தேன். படித்துப் பார்க்காமலே பன்னிரண்டு தடவை "ஆம்" அமுக்கிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.