ஸ்பீக்கிங் தேர்வில் பாதியில் நிறுத்தினார்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் ஸ்பீக்கிங் (எக்ஸாமினரிடம் நேரில் பேசும் பகுதி) முடித்து வெளியே வந்த பலரும் புலம்புவது இதுதான்: "நல்லா பேசிட்டே இருந்தேன், நடுவுல நிறுத்திட்டாங்க, போச்சு." என்னையும் நிறுத்தினார்கள், மூன்று பகுதியிலும். ஆனாலும் 9-க்கு 7.5 வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். அதற்குள் எல்லாப் பகுதியையும் எக்ஸாமினர் முடித்தாக வேண்டும். முதல் பகுதியில் வேலை, படிப்பு, வீடு, பொழுதுபோக்கு என்று 4-5 நிமிடம் ஓடும். ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். இசை கேட்பீர்களா என்றார். நான் காலட்சேபமே ஆரம்பித்துவிட்டேன். மூச்சு வாங்கிய இடைவெளியில் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார்.

இரண்டாம் பகுதியில், பேச வேண்டிய தலைப்பு எழுதிய கியூ கார்டில் எனக்கு வந்தது, முடிவெடுக்க வெகுநாள் யோசித்த ஒரு விஷயம். பேப்பரும் பென்சிலும் கொடுத்து 1 நிமிடம் தருவார்கள். வாக்கியமாக எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நேரம் போய்விடும். நான் எழுதியது வேலை, அப்பா, பயம், கையெழுத்து. அவ்வளவுதான். அப்பா சொன்னதை விவரித்து, பயத்தைச் சொல்லி, கையெழுத்துப் போட்ட கட்டத்துக்கு வருவதற்குள் 2 நிமிடம் ஆகிவிட்டது. "தேங்க் யூ" என்று கார்டை வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

கதை முடியவில்லை என்பதற்காக யாரும் மார்க் குறைப்பதில்லை. சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, இந்த நான்கையும் சம எடையில் பார்க்கிறார்கள். நான் அந்த வேலையில் சேர்ந்தேனா இல்லையா என்பது அவருக்கு எதற்கு? 40 நொடியில் சரக்குத் தீர்ந்து விழிப்பதுதான் ஆபத்து. அதற்காகத்தான் வீட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த தலைப்பில் 2 நிமிடம் பேசி, போனில் பதிவு செய்து கேட்பேன். சொந்தக் குரலைக் கேட்பது கொடுமை. ஆனால் எந்த இடத்தில் இழுக்கிறோம் என்பது வேறு எப்படியும் தெரியாது.

மூன்றாம் பகுதியில் அதே விஷயத்தைப் பொதுவாக்கி, இளைஞர்கள் அவசரமாக முடிவெடுக்கிறார்களா, ஏன், எல்லோருக்கும் இது பொருந்துமா என்று குடைந்தார். எரிச்சல்பட வேண்டாம். எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறோம் என்று பார்க்கத்தான் கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போகிறார்கள்.

பதில்:

அண்ணா, எனக்கு நிறுத்தினது வேற காரணத்துக்கு. கோச்சிங்ல எழுதிக் குடுத்த பதில் ஒண்ண அப்படியே ஒப்பிச்சேன். ரெண்டாவது வரியிலேயே அவங்க சிரிச்ச முகமா கேள்விய மாத்திட்டாங்க. மனப்பாடம்னா எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு அப்ப ஆச்சரியமா இருந்துச்சு. அப்புறம் என் பதிவுகளைப் போட்டுக் கேட்டப்ப எனக்கே தெரிஞ்சுது: ஒப்பிக்கிற இடத்துல வேகம் கூடுது, குரல் தட்டையாகுது, அது முடிஞ்சதும் திடீர்னு தடுமாறுது. இப்ப பதிலை மனப்பாடம் பண்றதில்ல. ஒரே சம்பவத்தை நாலு தலைப்புக்கு வளைச்சுப் பேசிப் பழகுறேன். பஸ்ஸைத் தவறவிட்ட கதை "பொறுமை இழந்த தருண"த்துக்கும் ஆகும், "உதவி செஞ்ச அந்நிய"ருக்கும் ஆகும்.

பதில்:

நான் பிடிஇ எழுதியவன், அது கணினியில் நடக்கும் இன்னொரு ஆங்கிலத் தேர்வு. அங்கே நிறுத்த மனிதரே கிடையாது, மைக்தான். 3 நொடி மௌனமானால் பதிவு தானாக முடிந்துவிடும். யோசிக்க நிறுத்தினேன், அவ்வளவுதான், அந்தக் கேள்வி அங்கேயே போயிற்று. படத்தை விவரிக்கும் பகுதியில் பார்க்க 25 நொடி, பேச 40 நொடி. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். டிவியை ஓடவிட்டுப் பழகுங்கள், உண்மையாகவே உதவுகிறது.

பதில்:

கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாமா?

பதில்:

தாராளமாக. முதல் பகுதியில் அதே கேள்வியை மறுபடி சொல்வார்களே தவிர விளக்க மாட்டார்கள். மூன்றாம் பகுதியில் வேறு விதமாக மாற்றிக் கேட்பார்கள். புரியாமல் எதையோ பேசுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பதில்:

எனக்கு அடுத்த வாரம் வீடியோ கால் முறையில் ஸ்பீக்கிங். கார்டை எப்படிக் காட்டுவார்கள்? நேரம் ஏதாவது மாறுமா?

பதில்:

நேரம், பகுதிகள், மதிப்பீடு எல்லாம் நேரில் நடப்பது போலத்தான் சகோ. தேர்வு மையத்துக்கே போய்த்தான் உட்கார வேண்டும், கார்டு திரையில் வரும். ஒலி சற்றுத் தாமதமாக வரலாம். அவர் கேள்வியை முடித்துவிட்டார் என்று உறுதியான பிறகு வாயைத் திறங்கள். இல்லாவிட்டால் இருவரும் ஒன்றாகப் பேசி, "சாரி, யூ கோ அஹெட்" என்று மாறி மாறிச் சொல்வதிலேயே நொடிகள் கரையும்.