மறு: கதை விளையாட்டுகளில் ‘ஏஜென்சி’க்கு வினைமுதன்மை சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

கதை விளையாட்டுகளில் ‘ஏஜென்சி’ என்றால், நடப்பதைத் தீர்மானித்துச் செயல்படும் ஆற்றல். அதற்கு, செயலைச் செய்பவரைக் குறிக்கும் ‘வினைமுதல்’ என்ற சொல்லிலிருந்து ‘வினைமுதன்மை’ என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு வந்த மறுப்பு இது:

> வினைமுதல் இலக்கணச் சொல். அதோடு, முதன்மை என்றால் ‘முக்கியம்’ என்றுதானே படிப்பார்கள்? செயலாண்மையே போதும்.

மறுப்பு நியாயமானதுதான். முகமையைவிடச் செயலாண்மை எவ்வளவோ மேல்; முகமை என்றதும் கேஸ் ஏஜென்சிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் செயலாண்மை என்றால் யாருடைய செயல்? கையில் கன்ட்ரோலர் வைத்திருப்பவருடையதா, திரையில் நடமாடுகிறவனுடையதா? டிஜிட்டல் கதைசொல்லலை ஆராய்ந்த ஜேனட் மரே 1997இல் இதை வரையறுத்தபோது, பொருளுள்ள ஒன்றைச் செய்து அதன் விளைவையும் கண்ணால் பார்க்கும்போது நமக்குக் கிடைக்கும் நிறைவைத்தான் சொன்னார். அது ஆடுகிறவரைப் பற்றியது. ‘இந்த விளையாட்டில் நாயகிக்கு ஏஜென்சியே இல்லை’ என்று விமர்சகர் எழுதும்போது அவர் பேசுவது வேறு விஷயம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லில் அடைபட்டுக் கிடப்பதால் பாதி வாக்குவாதம் வீணாகிறது. நாமும் அதே குழியில் விழ வேண்டுமா?

அட்லஸ் நிறுவனம் 2011இல் வெளியிட்ட ‘கேத்தரின்’ விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வயதுவந்தோருக்கானது. நாயகன் வின்சென்ட்டுக்கு 32 வயது. காதலி கல்யாணப் பேச்சை எடுத்ததும் நெளிகிறான். மதுக்கடையில் வேறொரு பெண்ணைச் சந்திக்கிறான். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் அவள் படுத்திருக்கிறாள். ‘இவளோடு போகலாமா?’ என்று நம்மை யாரும் கேட்கவில்லை. அடுத்து அவன் சொல்லும் பொய்களுக்கும் நம் அனுமதி கிடையாது.

அப்படியானால் நம் கையில் இருப்பது என்ன? காதலியிடமிருந்து செய்தி வந்தால் பதிலை வரிவரியாக நாம் அமைக்கலாம். ஒரு வரியைப் போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் அழித்து வேறு வரி. இரவில் கெட்ட கனவு, அதில் சரிகிற கட்டைகளை இழுத்து அடுக்கி மேலே ஏற வேண்டும். ஏறி முடித்தால் பாவமன்னிப்புக் கூண்டு போன்ற ஒரு பெட்டிக்குள், கல்யாணத்தோடு வாழ்க்கை தொடங்குகிறதா முடிகிறதா என்கிற மாதிரிக் கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு முள் இப்படியோ அப்படியோ சாயும். வின்சென்ட் தனக்குள் என்ன முணுமுணுக்கிறான் என்பது அந்த முள்ளைப் பொறுத்தது. முள் நிற்கும் இடமும் கடைசிக் கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதிலும் சேர்ந்துதான் எட்டு முடிவுகளில் ஒன்றைத் தருகின்றன. ஆக, அவன் மனசை நாம் தள்ளலாம், கையைப் பிடித்து நிறுத்த முடியாது.

‘என் தேர்வுக்கு மதிப்பே இல்லை’ என்று இதைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அதுதான் இதன் எழுத்துத் திறமையாகப் படுகிறது. முதல் நாளே உண்மையைச் சொல்ல வைக்க முடிந்தால் வின்சென்ட் வின்சென்ட்டாகவே இருக்க மாட்டான். நழுவுவதுதான் அவன் சுபாவம்.

இந்த நிலைமைக்கு நம் இலக்கணத்தில் தயாராகவே சொல் இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையில் கருத்தா (செயலைச் செய்பவர்) இரண்டு வகை என்று பள்ளியில் படித்தோமே: பிறரைச் செய்யவைக்கும் ஏவுதற்கருத்தா, தானே செய்யும் இயற்றுதற்கருத்தா. ‘கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது’ என்பது பாடப்புத்தக எடுத்துக்காட்டு. கரிகாலன் கல் சுமக்கவில்லை, ஏவினான். விளையாட்டில் நாம் கரிகாலன், நாயகன் கொத்தன். நல்ல எழுத்தில் கொத்தன் சில இடங்களில் ‘நான் இப்படித்தான் கட்டுவேன்’ என்று நிற்பான்.

ஆகவே என் முன்மொழிவு: பொதுச்சொல் வினைமுதன்மை. ஆடுகிறவருடையது ஏவுமுதன்மை, பாத்திரத்துடையது இயற்றுமுதன்மை. ஏவுகணை பழகிவிட்ட நாக்குக்கு ஏவுமுதன்மை ஒன்றும் கஷ்டமில்லை. தனியாக நின்றால் ‘முக்கியம்’ என்ற பொருள் எட்டிப் பார்க்கலாம்தான். இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் பார்க்காது.

புழங்கிப் பார்ப்போம். 2019இல் வந்த ‘டிஸ்கோ எலீசியம்’ நாயகன் போதை தெளியாத துப்பறிவாளன். தொடக்கத்திலேயே, சுற்றும் மின்விசிறியில் மாட்டியிருக்கும் தன் டையை எடுக்கப் போகிறான். ஏவுவது நாம், பகடை சரியாக விழாவிட்டால் உடம்பு ஒத்துழைக்காது, அங்கேயே மாரடைப்பில் சாகக்கூட வாய்ப்பு உண்டு. அவனுடைய 24 திறன்களும் ஆளுக்கொரு குரலில் குறுக்கே பேசும். ஒரே மண்டைக்குள் இயற்றுமுதன்மை 24 துண்டாகக் கிடக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

துணைப் பாத்திரங்களுக்கும் இது பொருந்தும். ‘தி விட்சர் 3’இல் (2015) இரண்டு பெண்களிடமும் காதல் சொன்னால், இருவரும் பேசிவைத்துக்கொண்டு நாயகன் கெரால்ட்டைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஏவுமுதன்மை நமக்கு உண்டு, ஆனால் அவர்களுக்கும் தங்கள் முதன்மை உண்டு. படுக்கையறைக் காட்சியைப் பரிசாகத் தரும் மலிவான காட்சிக்கதைகள் (விஷுவல் நாவல்கள்) பலவற்றில் நடப்பது இதற்கு நேர் எதிர். நாயகனுக்கு முகம் இருக்காது, பெயரை நம்மையே போடச் சொல்வார்கள். பெண்களோ சரியான பொத்தானை நாம் அழுத்தும்வரை காத்திருப்பார்கள். ஏவுமுதன்மை நிறைய, இயற்றுமுதன்மை யாருக்குமே கிடையாது. ஆபாசத்தைவிட அவற்றில் எனக்குச் சலிப்பூட்டுவது இதுதான்.

இன்னொன்று. டெல்டேல் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ (2012) விளையாட்டில் எதைத் தேர்ந்தாலும் நாயகன் லீயின் முடிவு மாறாது. ஒரே இடத்தில் வந்து சேரும் இப்படிப்பட்ட தேர்வுகளைப் ‘போலித்தேர்வு’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போகும் வழி மாறுகிறதே. ‘கூடுதேர்வு’ என்று யோசித்தேன், பரீட்சை மாதிரி ஒலிக்கிறது. வேறு யோசனை இருந்தால் தனி இழையில் சொல்லுங்கள்.

அன்புடன்