பாலியேட்டிவ் அக்கா ஓய்வு பெறுகிறார்: பொன்னாடை, கேடயம் தவிர என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் எல்லையை ஒட்டி இருக்கும் ஒரு பாலியேட்டிவ் (தீராத நோயில் படுத்தவர்களின் வலியைக் குறைத்து வீட்டிலேயே பராமரிக்கும்) அறக்கட்டளையில் பதினோரு வருடமாக வாலண்டியராக இருக்கிறேன். எங்கள் செயலாளர் (மலையாளிகளுக்குச் சேச்சி, எங்களுக்கு அக்கா) வரும் மார்ச்சோடு ஓய்வு பெறுகிறார். ரேஷன் கடை மாடியில் ஒரே ஒரு அறை, இரவல் ஜீப் என்று தொடங்கியவர், இன்றைக்கு வீடு வீடாகப் போய்ப் பார்க்க இரண்டு குழு இருக்கிறது. கமிட்டியில் விழா பற்றிப் பேசினோம். மண்டபம், பொன்னாடை, கேடயம், எம்.எல்.ஏ. தலைமை, பிரியாணி. எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் அப்பா கள்ளு இறக்குகிறவர். கேரளாவில் பல மாவட்டங்களுக்கு எங்கள் பக்கத்துத் தோப்புகளில் இருந்துதான் கள்ளு போகிறது. மரத்தில் இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்பாவும் விழுந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்ததும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள், எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றே வாரத்தில் முதுகில் பெரிய புண். அக்கா வந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு புண்ணைக் கழுவினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று அம்மாவின் கையைப் பிடித்துக் காட்டினார். மறுநாள் வாட்டர் பெட் வந்து சேர்ந்தது. அப்பா அதற்கப்புறம் ஒன்பது வருடம் இருந்தார், திண்ணையில் சாய்ந்தபடி என் கல்யாணத்தைப் பார்த்தார்.

இவரை எப்படி வழியனுப்புவது? இந்த மாதிரி யாருக்காவது செய்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

கோபாலபுரம் நர்ஸ்:

தம்பி, அக்காவோடு ஆறு வருடம் வேலை செய்தவள் நான். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆபீஸில் அவர் செய்த வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையின் ரெஜிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து நாட்டில் எத்தனையோ ஆஸ்பத்திரிகள் மார்ஃபினே வைக்காமல் விட்டுவிட்டன, 2014-ல் சட்டத்தைத் திருத்தின பிறகுதான் லைசென்ஸ் சிக்கல் குறைந்தது. அந்த நாட்களிலும் ஒரு மாத்திரை கணக்கில் பிசகாமல் பார்த்துக்கொண்டவர் அவர். கணக்கில் பிசகினால் அனுமதி போய்விடும், அப்புறம் வலியில் கத்துகிறவருக்கு யார் கொடுப்பார்கள் என்பார். வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஒரு கேன்சர் பாட்டி இருந்தார். மாத்திரையை செக்போஸ்ட் தாண்டிக் கொண்டுபோக மாட்டேன் என்று உறுதியாக நின்ற அக்கா, அதே சாயங்காலம் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரைப் பிடித்து முறைப்படி வாங்கிக் கொடுக்க வைத்தார். புண் கட்டுவதற்கு மட்டும் வாரா வாரம் அவரே போனார்.

அதனால் அந்தப் பழைய ரெஜிஸ்டர்களையும் டைரிகளையும் வைத்துக்கொண்டு அவரை நான்கு நாள் பேசவையுங்கள், யாராவது எழுதிக்கொள்ளட்டும். அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு அதுதான் கைவிளக்கு.

மீனாட்சிபுரம் வாத்தியார்:

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், நோயாளிகளை மேடைக்குத் தூக்கி வராதீர்கள். வேறொரு ஊரில் நன்றி சொல்ல வைக்கிறோம் என்று வீல்சேரில் வரிசையாக உட்காரவைத்தார்கள், இரண்டு மணி நேரம் எம்.எல்.ஏ.வுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவருக்கு யூரின் பை நிரம்பிவிட்டது, சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். உங்கள் அக்கா இதைப் பார்த்தால் மைக்கைப் பிடுங்கிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் போங்கள். போன் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். ஆள் இறந்துபோன வீடுகளை விட்டுவிடாதீர்கள். என் தங்கச்சி வீட்டுக்காரர் போனபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு வந்து அவளோடு ஒரு பகல் முழுக்க இருந்தவர் உங்கள் அக்காதான். ஒரு வார்த்தை பேசவில்லையாம், முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தாராம். தங்கச்சி இன்றும் அதைத்தான் சொல்வாள்.

கம்பம் மெட்டு:

இந்தப் பாலியேட்டிவ் இயக்கம் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் ஆரம்பித்தது, அப்புறம் மலப்புறத்தில் ஊர்க்காரர்கள் கையில் வந்து, ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டு வளர்ந்தது. அரசாங்கம் கொள்கை கொண்டுவந்தது 2008-ல்தான். ஊர்ப் பணத்தில் நின்ற விஷயம் இது, அதனால் கேடயத்துக்குச் செலவு செய்வதை நானும் ஒப்பமாட்டேன். மாதம் ஐம்பதோ நூறோ தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்கள் பெயர் நிறைந்த ஒரு நோட்டை அவர் கையில் கொடுங்கள். டீசல் காசுக்கு யாரிடம் கேட்பது என்று ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவர் விழித்திருந்திருப்பார்.

பரிசு என்று ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், படுக்கையில் இருப்பவர்கள் செய்த குடை ஒன்று.

பொள்ளாச்சி மருமகள்:

எல்லோரும் சொல்வது நல்ல விஷயம்தான். ஆனால் பொன்னாடை வேண்டாம் என்று ஏன் இவ்வளவு அவசரமாக முடிவு செய்கிறீர்கள்? ஒரு வருடம் சங்கத் தலைவராக இருந்த ஆண்களுக்கெல்லாம் போர்த்துகிறோம், இவ்வளவு வருடம் உழைத்த ஒரு பெண்ணுக்கு வரும்போது மட்டும் எளிமை நினைவுக்கு வருகிறது. அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். நீங்கள் போர்த்துங்கள், அரசியல்வாதி கையால் வேண்டாம், உங்கள் அம்மா கையால். அவர் வீட்டு ஆட்கள் முன்வரிசையில் இருக்கட்டும். ராத்திரி போன் வந்தால் அவர் கிளம்பிப் போன பிறகு சோறு ஆக்கியது அவர்கள்தானே.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

மருமகள் அக்கா சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், பேசாமல் உள்ளே போய்விட்டார், கொஞ்ச நேரம் கழித்து என்ன கலர் எடுக்கலாம் என்று கேட்டார். மண்டபத்தை விட்டுவிட்டோம், அந்த ரேஷன் கடை முற்றத்திலேயே பந்தல். ஜனவரி 15 கேரளாவில் பாலியேட்டிவ் தினம், பொங்கலோடு சேர்ந்தே வரும், அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டியும் சரி சொல்லிவிட்டது. நோட்டில் இதுவரை நாற்பத்தொரு பெயர். பதிவு செய்ய ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜீப் கிளம்புகிறது, முதல் வீடு முதலமடையில். தமிழும் மலையாளமும் எழுதத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் நன்றாக இருக்கும்.